பாரசீகம் புகட்டும் பாடம்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் அரசர்களைக் கொண்டு அளப்பது எளிது. அந்நாட்டு மக்கள் எதனைக் கைவிடாமல் காத்தனர் என்பதைக் கொண்டு அளப்பது அரிது. ஈரான் எனப்படும் பாரசீகத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இவ்வுண்மை என் நெஞ்சில் எழுவதுண்டு.

எங்கள் இல்லத்துப் பழைய மரப்பெட்டியில் ஒரு நூல் இருந்தது. தொட்டால் உதிரும் தாள்களையுடைய அந்நூல், ஷெய்கு ஸஅதி இயற்றிய குலிஸ்தான். கி.பி. 1258ஆம் ஆண்டில் ஷீராஸ் நகரத்துச் சான்றோர் ஒருவர் எழுதி முடித்த அந்நூல், ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்துப் பாலாற்றங்கரையில் வாழ்ந்த என் பாட்டனாரின் கையில் பாடநூலாகத் தவழ்ந்தது. அவர் இளமையில் ஓதிய மதரசாவில் அரபு மொழியுடன் பாரசீகமும் கற்பிக்கப்பட்டது. அவர் வீட்டில் தமிழ் பேசினார். தொழுகையில் அரபு ஓதினார். நீதி சொல்ல வேண்டிய பொழுதெல்லாம் பாரசீகக் கதையை நாடினார். இம்மூன்றும் அவருக்குள் பூசலிட்டுக் கொண்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

1979ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நான் கல்லூரி மாணவன். ஆயுதமற்ற மக்கள் திரண்டு, வலிமை மிக்க ஷா மன்னரின் ஆட்சியை வீழ்த்திய செய்தியை வானொலி அறிவித்தது. தேநீர்க் கடைகளிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் அதுவே பேச்சு. நானும் என் தோழரும் மகிழ்ச்சியில் திளைத்தோம். பாட்டனார் மட்டும் அமைதியாக இருந்தார். காரணம் கேட்டேன். "தம்பி, ஸஅதியுடைய நூலில் முதல் இயல் அரசர்களின் ஒழுக்கத்தைப் பற்றியது. அரியணையில் எவர் அமர்ந்தாலும் அந்த இயல் அவருக்குப் பொருந்தும். இனி வருபவர்கள் அதைப் படிக்கிறார்களா என்று பார்ப்போம்" என்றார். அப்போது அச்சொற்களின் ஆழம் எனக்கு விளங்கவில்லை.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இக்காலமெல்லாம் நம் சமுதாயத்தில் ஈரானைப் பற்றி இருவகைக் கருத்துகளையே கேட்டு வருகிறேன். அங்கு நடந்தவை அனைத்தும் போற்றத்தக்கவை என்பார் ஒரு சாரார். அவர்கள் ஷியாக்கள், அவர்களைப் பற்றி நமக்கென்ன என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நூலைத் திறவாமலே வழங்கப்படும் தீர்ப்புகள் என்பது என் பணிவான எண்ணம். ஈரானிய மக்களின் நெடிய வாழ்வை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். மரபு மக்களிடம் இருக்கும்வரை அது ஆள்வோரைத் திருத்தும் ஆற்றலாக விளங்குகிறது. அதனை அரியணை கவர்ந்து கொண்டால், மக்கள் அதனின்றும் விலகித் தங்கள் மரபின் வேறொரு பகுதியைத் தேடிச் செல்கின்றனர். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொழியைக் காத்த மக்கள்

பாரசீகத்தின் பழம்பெருமை உலகறிந்தது. கி.மு. 539இல் பாபிலோன் நகரைக் கைப்பற்றிய சைரசு மன்னர், அங்குச் சிதைந்து கிடந்த வழிபாட்டிடங்களைச் சீர்ப்படுத்தியதையும், இடம்பெயர்க்கப்பட்ட மக்களை அவர்தம் ஊர்களுக்கு அனுப்பியதையும் களிமண் உருளை ஒன்றில் பொறித்து வைத்தார். 1879ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அவ்வுருளை இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அவருக்குப் பின் வந்த தாரியசு மன்னர் எழுப்பத் தொடங்கிய பெர்சிப்பொலிசு மாநகரைக் கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை எரித்தது. தூண்கள் எஞ்சின. அத்தூண்களை இன்றும் ஈரானியர் 'தக்தே ஜம்ஷீத்' என்றே வழங்குவர்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இஸ்லாம் பாரசீகத்தை அடைந்தது. 651ஆம் ஆண்டில் கடைசிச் சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து மடிந்தார். அதற்கு முன்னரே பாரசீகத்தைச் சேர்ந்த ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழராய் இருந்தார். அவரே ஸல்மான் பாரிஸீ (ரலி). மதீனாவைக் காக்க அகழ் வெட்டும் முறையை எடுத்துரைத்தவர் அவர் என்பதை நம் சிறுவரும் அறிவர். ஆகவே அம்மக்கள் இஸ்லாத்தின் வரலாற்றுள் வெறுங்கையராய் நுழையவில்லை; அறிவைக் கொணர்ந்தே நுழைந்தனர்.

இஸ்லாத்தை ஏற்ற பல நாடுகள் நாளடைவில் அரபு மொழியையே தாய்மொழியாகக் கொண்டன. பாரசீகர் அவ்வாறு செய்யவில்லை. அதே வேளையில் அவர்கள் அரபு மொழியை வெறுத்து ஒதுக்கவும் இல்லை. அரபு இலக்கணத்திற்கு அடித்தளமாக அமைந்த பெருநூலை இயற்றிய சீபவைஹி ஒரு பாரசீகர். பிறமொழியாளர் ஒருவர் அரபு மொழியின் தொல்காப்பியராய் விளங்கியது தமிழ் பயிலும் மாணவர்கள் எண்ணி எண்ணி மகிழத்தக்கதாகும்.

தூஸ் என்னும் சிற்றூரை இங்கு நினைவுகூர விழைகிறேன். அவ்வூரிற் பிறந்த பிர்தௌஸி ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஈரடிப் பாக்களால் ஆன ஷாநாமா என்னும் பெருங்காப்பியத்தை கி.பி. 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். இஸ்லாத்துக்கு முற்பட்ட மன்னர்களின் கதை அது. பாடியவரோ இறைவனையும் இறைத்தூதரையும் போற்றி நூலைத் தொடங்கிய முஸ்லிம். அவர் மறைந்து சில பத்தாண்டுகளுக்குப் பின், 1058இல், அதே தூஸ் நகரில் இமாம் கஸ்ஸாலி பிறந்தார். அவர்தம் இஹ்யா உலூமித்தீன் அரபு மொழியில் அமைந்தது. கீமியாயே ஸஆதத் பாரசீகத்தில் அமைந்தது. அறிஞர் உலகுக்கு ஒரு மொழி, தம் ஊர் மக்களுக்கு ஒரு மொழி என இரண்டிலும் அவர் எழுதினார். பழங்கதை பாடிய புலவரும் சமயம் விளக்கிய இமாமும் ஓரூர் மண்ணில் பிறந்தனர். ஒருவர்க்காக மற்றவரைத் துறக்க வேண்டும் என்று அவ்வூரார் கருதினாரில்லை.

இம்மொழியைக் காத்தவர் யார்? மன்னர் சிலர் ஆதரவு நல்கியது உண்மையே. ஆயினும் அரச மரபுகள் தோன்றி மறைந்தன. மங்கோலியர் படையெடுப்பால் நகரங்கள் அழிந்தன. புலவரின் பாக்களோ தாலாட்டிலும் பழமொழியிலும் வீட்டு முற்றத்துப் பேச்சிலும் வாழ்ந்தன. ஆண்டின் நீண்ட இரவாகிய யல்தா இரவில் குடும்பத்தார் ஒன்றுகூடி ஹாபிஸ் கவிஞரின் நூலைத் திறந்து நற்குறி பார்க்கும் வழக்கத்தை எந்த அரசாணையும் தோற்றுவிக்கவில்லை.

நமக்கும் அவர்க்கும்

பாரசீகத்திற்கும் தமிழகத்து முஸ்லிம்களுக்கும் உள்ள உறவை நம்மில் பலர் அறியோம். அரபு எழுத்துகளில் இல்லாத தம் மொழி ஒலிகளுக்காகப் பாரசீகர் நான்கு எழுத்துகளைப் புதிதாய் அமைத்துக் கொண்டனர். அதே வழியில் நம் முன்னோர் அரபு எழுத்துகளில் வேண்டிய குறியீடுகளைச் சேர்த்து அரபுத்தமிழை உருவாக்கினர்.

பாரசீகர் இறைவனைக் 'குதா' என்றனர். தொழுகையை 'நமாஸ்' என்றனர். நோன்பை 'ரோஸா' என்றனர். இவையனைத்தும் அரபுச் சொற்கள் அல்ல. அவர்தம் தாய்மொழிச் சொற்கள். வடபுலத்து முஸ்லிம்கள் அப்பாரசீகச் சொற்களையே எடுத்தாண்டனர். தமிழ் முஸ்லிம்களோ இறைவன், தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எனத் தம் சொந்தச் சொற்களையே வழங்கினர். பாரசீகச் சொற்களை நாம் மிகுதியாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரசீகர் காட்டிய வழியை எடுத்துக்கொண்டோம். சமயத்தின் உயிர்நாடியான செய்திகளைத் தாய்மொழியில் உரைப்பது சமயத்துக்குக் குறையாகாது என்பதே அவ்வழி.

எனினும் சில பாரசீகச் சொற்களும் நம் வாழ்வில் கலந்துள்ளன. நாள்தோறும் ஐந்து வேளை நாம் கேட்கும் 'பாங்கு' பாரசீகச் சொல், 'தர்கா'வும் அத்தகையதே. இஸ்லாமியத் தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகிய 'நாமா', ஷாநாமாவில் உள்ள அதே நாமாதான். சமயம் கடந்து தமிழர் அனைவரும் வழங்கும் சர்க்கார், தர்பார், குமாஸ்தா, பந்தோபஸ்து, தஸ்தாவேஜு, சிப்பாய், சந்தா, சுமார் முதலிய சொற்களும் பாரசீக வழி வந்தவையே. உமர் கய்யாமின் பாக்களுக்கு ஆங்கில வழியாகத் தமிழ் வடிவம் தந்து கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள் அவ்வுறவை மேலும் வளர்த்தார்கள். எனவே ஈரானைப் பற்றி நாம் பேசுவது அயலார் வீட்டுச் செய்தியைப் பேசுவதாகாது.

அரசரைக் கேள்வி கேட்ட மக்கள்

இனி அரசியலை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈரானை ஆண்டவர் நாசிருத்தீன் ஷா. அவர் 1890ஆம் ஆண்டில் நாட்டின் புகையிலை விளைச்சல், விற்பனை, ஏற்றுமதி ஆகிய அனைத்தையும் ஓர் ஆங்கிலேயருக்கு ஐம்பதாண்டுக் குத்தகைக்கு விட்டார். வணிகர் கொதித்தனர்; உழவர் வருந்தினர். 1891 டிசம்பரில் மிர்ஸா ஷீராஸி என்னும் மார்க்க அறிஞரின் பெயரால் புகையிலைப் பயன்பாட்டைத் தடுக்கும் பத்வா வெளிவந்தது. நாடெங்கும் மக்கள் புகைப்பதை நிறுத்தினர். அரண்மனை மகளிரும் ஹூக்காவைத் தொட மறுத்தனர் என்பர். மறுமாதமே குத்தகை கைவிடப்பட்டது. ஒரு துளி மைக்கு மன்னர் பணிந்தார். மார்க்க அறிவு மக்கள் பக்கம் நின்று அரியணையைக் கேள்வி கேட்ட நாள் அது.

பதினைந்து ஆண்டுகளுக்குள் அடுத்த அலை எழுந்தது. வணிகரும் உலமாக்களும் புதிய கல்வி பெற்ற இளைஞரும் ஒன்றுசேர்ந்து அரசியல் சட்டம் வேண்டினர். 1906ஆம் ஆண்டில் முதல் மஜ்லிஸ் கூடியது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நோயுற்றிருந்த முஸப்பருத்தீன் ஷா சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆசிய நாடுகள் பலவற்றுக்கு முன்பே ஈரானியர் நாடாளுமன்றம் கண்டனர். 1907இல் பிரிட்டனும் ரஷியாவும் அந்நாட்டைத் தத்தம் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டுக் கொண்டன. 1908இல் புதிய மன்னரின் படை மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் தாக்கியது. தப்ரீஸ் நகர மக்கள் பணியாது போரிட்டனர். அங்கே பள்ளி ஆசிரியராய்ப் பணிபுரிந்த ஹோவர்டு பாஸ்கர்வில் என்னும் அமெரிக்க இளைஞர், தம் மாணவரோடு நின்று, 1909இல் தமது 24ஆம் வயதில் உயிர் நீத்தார். ஈரானியர் அவரை நன்றியோடு நினைத்தனர். அயல்நாட்டார் எவரையும் வெறுக்கும் இயல்பினர் அல்லர் அம்மக்கள் என்பதற்கு இதுவே சான்று.

1908ஆம் ஆண்டில் மஸ்ஜிதே சுலைமான் என்னுமிடத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1914இல் பிரிட்டிஷ் அரசே அந்த எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. நிலம் ஈரானுடையது, உழைப்பு ஈரானியருடையது, ஆயினும் பல ஆண்டுகளில் ஈரான் பெற்ற உரிமைத்தொகையினும் பிரிட்டிஷ் அரசு வரியாகப் பெற்ற தொகை மிகுந்திருந்தது. 1951ஆம் ஆண்டில் மஜ்லிஸ் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அம்முயற்சியின் தலைவரான டாக்டர் முஹம்மது முசத்திக் பிரதமரானார். சட்டம் பயின்ற அம்முதியவர் நியூயார்க் சென்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில் தம் நாட்டின் உரிமையை எடுத்துரைத்தார்.

1953 ஆகஸ்டு 19ஆம் நாள், அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் துணையோடு நிகழ்ந்த சதியால் அவர் ஆட்சி கவிழ்ந்தது. மூன்றாண்டுச் சிறை, பின்னர் அஹமதாபாத் என்னும் சிற்றூரில் வீட்டுக்காவல். 1967இல் அவர் இறந்தார். அவ்வீட்டு அறை ஒன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் அமைப்பின் பங்கினை உறுதிசெய்யும் ஆவணங்கள் அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டில் வெளிவந்தன. உண்மை வெளிவர அறுபது ஆண்டுகள் ஆயின.

அரியணை கவர்ந்த பழம்பெருமை

1925இல் அரியணை ஏறிய ரிஸா ஷாவின் ஆட்சியில் இருப்புப் பாதை அமைந்தது. 1934இல் டெஹ்ரான் பல்கலைக்கழகம் எழுந்தது. இந்நலன்களை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் அவர் மக்களின் உடையையும் ஆணையால் மாற்ற முற்பட்டார். ஆடவர் ஐரோப்பியத் தொப்பி அணிய வேண்டும் என்றார். 1935ஆம் ஆண்டில் மஷ்ஹது நகரின் கௌஹர்ஷாத் பள்ளிவாசலில் திரண்டு எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 1936 ஜனவரியில் மகளிர் முகத்திரையும் தலைச்சீலையும் அணிவது தடைசெய்யப்பட்டது. தெருவில் காவலர் அவற்றைப் பறித்தனர். மூதாட்டியர் பலர் வீட்டை விட்டு வெளிவரவே அஞ்சினர்.

அவர் மைந்தர் முஹம்மது ரிஸா ஷா, 1971 அக்டோபரில் பாரசீகப் பேரரசின் 2500ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடினார். பசர்காதேயில் உள்ள சைரசு மன்னரின் கல்லறை முன் நின்று உரையாற்றினார். பெர்சிப்பொலிசில் பட்டுக் கூடாரங்கள் எழுந்தன. உலகத் தலைவர்களுக்கு உணவு பாரிசிலிருந்து வந்தது. 1976இல் ஹிஜ்ரத்தை அடிப்படையாகக் கொண்ட ஆண்டுமுறையை நீக்கி, மன்னராட்சியை அடிப்படையாகக் கொண்ட புதிய ஆண்டுமுறையைப் புகுத்தினார். ஒரே நாளில் நாட்டின் ஆண்டு 1355 என்பது 2535 ஆயிற்று! எதிர்த்தவரை 'சாவாக்' என்னும் உளவுப்படை சிறைப்பிடித்தது.

சைரசு மன்னர் ஈரானியர் அனைவர்க்கும் பாட்டனார். அவரை ஒரு குடும்பத்தின் காவலராக ஷா ஆக்கினார். விளைவு யாது? பழம்பெருமை அரண்மனையின் அணிகலன் ஆனபோது, மக்கள் பள்ளிவாசல்களை நாடினர். அங்கிருந்தே 1978ஆம் ஆண்டின் பேரெழுச்சி கிளர்ந்தது. 1979 பிப்ரவரி முதல் நாள் ஆயதுல்லாஹ் கொமைனி நாடு திரும்பினார். 11ஆம் நாள் பழைய ஆட்சி முடிவுற்றது. நான் வானொலியில் கேட்டு மகிழ்ந்த செய்தி அதுவே. அம்மகிழ்ச்சி தவறானதன்று என்றே இன்றும் கருதுகிறேன்.

மறுபக்கத் தவறு

அதற்குப் பின் நிகழ்ந்தவற்றையும் அதே நேர்மையோடு கூறுதல் வேண்டும். 1979 மார்ச்சு 8ஆம் நாள், புரட்சி முடிந்து ஒரு திங்கள் ஆகுமுன்பே, தலைச்சீலை கட்டாயமாகுமோ என்று அஞ்சிய மகளிர் டெஹ்ரான் தெருக்களில் திரண்டனர். அவர்களுள் பலர் ஷாவை எதிர்த்துப் போராடியவர்கள். 1983இல் தலைச்சீலை சட்டப்படி கட்டாயமாயிற்று. மீறுவோர்க்குக் கசையடி விதிக்கப்பட்டது. 1936இல் காவலர் பறித்தனர். 1983இல் காவலர் சுமத்தினர். இரண்டிலும் பெண்ணின் மனத்தைக் கேட்டவர் எவருமில்லை. நம் இல்லத்து மகளிர் விரும்பி அணியும் கண்ணியமான உடையைப் போற்றும் நான், அதனைத் தடியால் காக்க முடியும் என்று நம்பவில்லை. சமயத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்பது திருமறை காட்டும் நெறியன்றோ?

1988ஆம் ஆண்டில் சிறைகளில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் கொல்லப்பட்டனர். அதனைக் கண்டித்தவர் வேறெவருமல்லர்; கொமைனிக்குப்பின் தலைமை ஏற்பார் என்று அறிவிக்கப்பட்டிருந்த ஆயதுல்லாஹ் முந்தஸரியே. பதவியை எண்ணி அவர் வாய்மூடியிருக்கலாம். அவர் பேசினார்; 1989 மார்ச்சில் அவ்வுரிமையை இழந்தார். மிர்ஸா ஷீராஸியின் மரபு முற்றும் அழியவில்லை என்பதை அவர் காட்டினார்.

ஷா சைரசைக் கவர்ந்தார். புதிய ஆட்சியாளர் பள்ளிவாசலைக் கவர்ந்தனர். விளைவு ஒன்றேயாயிற்று. நவ்ரூஸ் புத்தாண்டின் பழைய சடங்குகளை மதத்தலைவர் சிலர் விரும்பவில்லை. மக்கள் அவற்றைக் கைவிடவில்லை. 2016ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பசர்காதேயிலுள்ள சைரசின் கல்லறை முன் ஆயிரக்கணக்கானோர் தாமே திரண்டனர். பின்னர்ச் சிலர் கைது செய்யப்பட்டனர். 1971இல் மன்னர் அழைத்தும் மக்கள் நெஞ்சம் செல்லாத அதே இடத்திற்கு, 2016இல் அரசு விரும்பாத போதும் மக்கள் சென்றனர். வரலாற்றின் இந்த நகைமுரணை அரசியல் பயில்வோர் ஆழ்ந்து நோக்குதல் நன்று.

2022 செப்டம்பர் 16ஆம் நாள், உடைவிதி மீறினார் என்று பிடித்துச் செல்லப்பட்ட மஹ்ஸா அமீனி என்னும் 22 வயது மங்கை காவலில் இருந்தபோது உயிரிழந்தார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியில் தலைச்சீலை அணிந்த பெண்களும் அணியாத பெண்களும் ஒருங்கே நின்றனர். அவர்கள் கேட்டது உடையைப் பற்றிய தீர்ப்பன்று. தம்மைத் தாமே ஆளும் மதிப்பு.

புரட்சிக்குப்பின் எழுத்தறிவு சிற்றூர்களிலும் பெருகியது. பெண்கள் பல்கலைக்கழகங்களைப் பெருமளவில் நிறைத்தனர். டெஹ்ரானில் பிறந்து, ஷரீப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மர்யம் மிர்ஸாகானி, கணித உலகின் உயர் சிறப்பாகிய பீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்ற முதல் பெண்மணியானார். கற்பித்த பின் 'கேள்வி கேளாதே' என்பது எந்த ஆட்சிக்கும் இயலாத செயல்.

டெஹ்ரான் நகரின் தெற்கே இரயில் நிலையத்திலிருந்து வடக்கே தஜ்ரீஷ் வரை நீளும் நெடுஞ்சாலை ஒன்றுண்டு. இருமருங்கும் சினார் மரங்கள். ரிஸா ஷா காலத்தில் அமைந்த அதற்கு முதலில் பஹ்லவி சாலை என்று பெயர். 1979இல் முசத்திக் சாலை என்றாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அப்பெயரும் நீங்கி வலீ அஸ்ர் சாலை என்றாயிற்று. பெயர்ப்பலகைகளை மாற்றியவர் பலர். அம்மரங்களின் நிழலில் நடந்தவர் என்றும் மக்களே.

வெளியார் இழைத்த தீங்கு

உள்நாட்டுத் தவற்றை எடுத்துரைப்பவன் வெளியார் செய்த கொடுமையை மறத்தலாகாது. 1980 செப்டம்பரில் ஈராக்கின் படையெடுப்பால் தொடங்கிய போர் எட்டாண்டுகள் நீடித்தது. 1987 ஜூன் 28ஆம் நாள் ஸர்தஷ்து நகரத்து மக்கள்மீது நச்சுக் குண்டுகள் வீசப்பட்டன. வல்லரசுகள் வாளாவிருந்தன. 1988 ஜூலை 3ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். 2015இல் பல நாடுகள் கூடிச் செய்த அணு ஒப்பந்தத்திலிருந்து 2018இல் அமெரிக்கா விலகியது. மீண்டும் விதிக்கப்பட்ட தடைகளின் சுமை எளிய குடும்பங்கள்மீதே விழுந்தது. 2025 ஜூனில் இஸ்ரேல் தொடுத்த தாக்குதலும் அதன்வழி மூண்ட பன்னிரண்டு நாள் போரும் பொதுமக்கள் பலரின் உயிரைக் குடித்தன.

அயலார் கொடுமையைக் காட்டி ஆள்வோர் தம் சிறைகளை நியாயப்படுத்தினர். சிறைகளைக் காட்டி அயலார் தம் குண்டுகளை நியாயப்படுத்தினர். இவ்விரண்டுக்கும் இடையில் நசுங்கியவர் மக்கள். ஒருவர் செய்த அநீதி மற்றவர் செய்யும் அநீதிக்கு உரிமைச்சீட்டு ஆகாது. நம் மேடைகளில் இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே பேசுவது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தை மாணவராவது மாற்றுதல் வேண்டும்.

நாம் கொள்ள வேண்டுவது

மாணவச் செல்வங்களே! உங்களிடம் தமிழ் வேண்டா, மார்க்கம் போதும் என்று ஒருவர் கூறலாம். மார்க்கத்தை விட்டால்தான் நீ தமிழன் என்று மற்றொருவர் கூறலாம். இருவரிடமும் தூஸ் நகரத்தைச் சுட்டிக்காட்டுங்கள். பிர்தௌஸியையும் கஸ்ஸாலியையும் ஒரே மண் ஈன்றது. உமறுப் புலவரை ஈன்ற நம் மண்ணும் அத்தகையதே. தாய்மொழியும் மார்க்கமும் உங்கள் இரு கண்கள். ஒன்றைக் குருடாக்கினால் மற்றொன்று கூர்மை பெறும் என்பது பேதைமை.

அடுத்து, உங்கள் மரபின் பெயரால் எவரேனும் உங்களை அதட்டினால், அவர் அந்த மரபைக் காக்கிறாரா, அதனைக் கொண்டு தம் இருக்கையைக் காக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். அவர் அரசராயினும், மதத்தலைவராயினும், கட்சித் தலைவராயினும், நம் ஊர் ஜமாஅத்தின் நிருவாகியாயினும் இவ்வினா பொருந்தும்.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் இல்லங்களில் உள்ள பழைய அரபுத்தமிழ் ஏடுகளும் பாரசீக நூல்களும் கரையானுக்கு இரையாகின்றன. அவற்றைக் கல்லூரி நூலகங்களுக்கு அளியுங்கள். படிப்பார் இல்லையே என்று தயங்க வேண்டா. நூல் இருந்தால் என்றேனும் ஒரு மாணவன் வருவான்.

என் பாட்டனாரின் குலிஸ்தானை நான் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் கேட்டிருந்தால் மகிழ்ந்து கற்பித்திருப்பார். கேளாதது என் குறை. தமிழ் மொழிபெயர்ப்பின் வழியே அதன் முதல் இயலைப் பின்னாளில் படித்தேன். அவர் 1979இல் சொன்னது அப்போதுதான் விளங்கியது. பட்டுக் கூடாரத்தில் விருந்துண்ட மன்னரும் அந்த இயலைப் படிக்கவில்லை. அவரை விரட்டி அமர்ந்தவர்களும் படிக்கவில்லை. ஷீராஸில் ஸஅதியின் அடக்கத்தலத்துக்கு மலர் கொணரும் எளிய மக்கள் அதனை மறக்கவில்லை. அவர்களுடைய நினைவே ஈரானின் உண்மையான செல்வம். எந்த முடியும் எந்தத் தலைப்பாகையும் எந்தக் குண்டும் அதனைப் பறித்ததில்லை.